இசக்கிசெல்வி வலி படித்த வருடம்

மேற்படிப்புக்கு மயக்கவியலைத் தேர்ந்தெடுத்ததற்கு இசக்கிசெல்வி எல்லோரிடமும் சொன்ன காரணம் ஒன்று. உண்மையான காரணம் வேறு. நல்ல ரேங்க் வந்திருந்தது. பொது மருத்துவம் எடு, குழந்தை மருத்துவம் எடு என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அவளோ ஆபரேஷன் தியேட்டர் வேலைதான் பிடிக்கும் என்றாள். பிடிக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பிடித்தது, அங்கே நோயாளிகள் தூங்கிவிடுவார்கள் என்பது. தூங்குகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை.

அவளுக்குத் திக்குவாய். தாராவியில் தொண்ணூறடி சாலைக்குப் பின்னால், தோல் பை தைக்கும் பட்டறையின் மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இங்கிலீஷும். எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றிலும் திக்கினாள். 'க'வும் 'ப'வும்தான் அதிகம் படுத்தும். அப்பா பெயர் கணேசபாண்டியன். வகுப்பில் எழுப்பி அப்பா பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள்தான் முடித்து வைப்பார்கள். நாளடைவில் ஒரு வித்தை பழகிக்கொண்டாள். வாய்க்கு வராத சொல்லை விட்டுவிட்டு அதே அர்த்தத்தில் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொள்வது. 'பசிக்கி' என்பது வராது போலிருந்தால் 'சோறு வைங்க' என்பாள். பேசும்போதெல்லாம் அவள் மனது இரண்டு சொல் முன்னால் ஓடிப்போய்ப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்திலேயே களைத்துவிடுவாள். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

தியேட்டரில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. செம்பூரிலும் காட்கோபரிலும் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஊசி போடும் கை அவ்வளவு சுத்தம் என்று சர்ஜன்கள் கூப்பிட்டனுப்புவார்கள். "மூச்ச நல்லா இழுங்க, ஒண்ணும் ஆவாது" என்பதுதான் அவள் நோயாளியிடம் அதிகம் சொல்லும் வாக்கியம். அதில் முதல் எழுத்தாக 'க'வும் இல்லை, 'ப'வும் இல்லை. டிராம்பேயில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் என்ஜினீயராக இருந்த ஹரியைக் கல்யாணம் செய்துகொண்டு செம்பூரில் குடியேறினாள். வாழ்க்கை இப்படியே ஒழுங்காகப் போயிருக்கும்.

அப்பாவுக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றிக் கொப்புளம். கொப்புளங்கள் ஆறின, வலி மட்டும் போகவில்லை. சட்டை பட்டால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது என்றார். சட்டையைக் கழற்றினால் ஃபேன் காற்று பட்டாலும் அதே நெருப்பு. பட்டறையில் எத்தனையோ முறை ஊசி விரலில் ஏறியும் வாய் திறக்காதவர், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு முனகினார். டாக்டர் மகள் தனக்குத் தெரிந்த மாத்திரைகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ சொல்லி, மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருந்த வலி சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஷ்ருதி என்று ஒரு டாக்டர். மாட்டுங்காவிலேயே இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பெண், இவளைவிட வயதில் சின்னவள். அப்பாவிடம் வெகுநேரம் பேசிவிட்டு, அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, விலா எலும்புகளுக்கு அடியில் நரம்பு ஓடும் இடத்தில் ஊசி மூலம் மருந்தை வைத்தாள். திரும்பி வரும்போது அப்பா டாக்சியில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. திரும்ப வந்தது, மறுபடி ஊசி, கூடவே வேறு மாத்திரை என்று பாதிக்குப் பாதி அடங்கியது. அந்தப் பாதி அவருக்குப் போதுமாயிருந்தது.

இசக்கிசெல்விக்கு உறுத்தியது வேறு விஷயம். அந்த ஊசியும் அந்த மருந்தும் அவள் தினமும் கையாள்பவை. ஆபரேஷன் நடக்கும் நேரத்துக்கு நரம்பை மரக்கச் செய்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அதன் பிறகு அந்த மனிதருக்கு எங்கே வலிக்கிறது, தூங்கினாரா என்று ஒருநாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது, எம்.டி. மயக்கவியல் முடித்தவர்கள் சேரலாம் என்று ஷ்ருதி சொன்னதும் அது மனதில் உட்கார்ந்துகொண்டது.

ஹரியிடம் சொன்னாள். அவன் கேலியாக இல்லாமல், யோசித்துத்தான் சொன்னான்.

"நல்ல விஷயம்தான் செல்வி. ஆனா அங்க பேஷண்ட் முழிச்சிட்டு இருப்பாங்களே."

தெரியும் என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு நேரம் பிடித்தது.

ஷ்ருதியிடமே பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஹரி சொன்னது முதல் மாதத்திலேயே பலித்தது. வலி சிகிச்சையில் பாதி வேலை கேட்பது. எங்கே வலி, எப்படி வலி, எரிகிறதா குத்துகிறதா, எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடும், ராத்திரி தூக்கம் உண்டா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள். இசக்கிசெல்வி இரண்டு கேள்வியில் முடித்துக்கொண்டு ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். ஒருநாள் ஓ.பி. முடிந்ததும் ஷ்ருதி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கை ஃபர்ஸ்ட் கிளாஸ் செல்வி. ஆனா ஊசியை எங்க வைக்கணும்னு பேஷண்ட்தான் சொல்லணும். நீங்க கேக்கவே மாட்டேங்கறேள்."

இசக்கிசெல்வி அதுவரை சக டாக்டர்கள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அன்று சொன்னாள். சொல்லி முடிக்க நேரமாயிற்று, ஏனென்றால் திக்குவதைப் பற்றிச் சொல்லும்போதுதான் அதிகம் திக்கும். ஷ்ருதி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு முகம் சிவந்து, "நான் திமிர்னு நினைச்சுண்டிருந்தேன். சாரி" என்றாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. புது நோயாளிகளில் சிலரை மட்டும் இசக்கிசெல்விக்கு விட்டு, மற்றவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஒவ்வொருவரோடும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் மட்டும் சொன்னாள். பயிற்சியை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எழுதி வைத்திருந்த மெயிலை இசக்கிசெல்வி அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

மழைக்காலத்தில்தான் பேராச்சி வந்தாள்.

கூட்டி வந்தவன் மகன் பேச்சிராஜா. பார்சல் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். தாராவியில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறை ஒன்றில் அம்மாதான் மேற்பார்வை என்றான். அத்தனை மிஷின் ஓடினாலும் அம்மா குரல் தெருமுனை வரை கேட்கும் என்று ஊரே சொல்லுமாம். அதெல்லாம் பழைய கதை. மூன்று வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் பல் வலி என்றாள். ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அப்படியே போய் இடது பக்கத்தில் இப்போது பல்லே இல்லை. பேச்சும் நின்றுவிட்டது.

"வலியெல்லாம் சும்மா, டாக்டர். நான் மராத்திப் பொண்ணக் கட்டிட்டேம்லா, அதுதான் விஷயம். பிரணாலி ஆக்குனா சாப்பிட மாட்டாவ. அவகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாவ. மனநல டாக்டர்ட்ட காட்டுங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு."

பேராச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, ஒரு காலத்தில் நல்ல உடம்பாக இருந்திருக்க வேண்டிய பெண். சேலை முந்தானையை இடது கன்னத்தை மறைத்துப் பிடித்திருந்தாள். ஆனால் துணி கன்னத்தில் படவில்லை. ஒரு விரல்கடை தள்ளியே பிடித்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் இசக்கிசெல்வி மகனை, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கவுன்டரில் பதிந்துவிட்டு வரச்சொல்லி வெளியே அனுப்பினாள். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். பெரியம்மா என்று கூப்பிட நினைத்தாள். 'பெ' வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்தது. பழக்கப்படி சொல்லை மாற்றி, "அத்தை" என்றாள்.

பேராச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் பார்க்கும் பார்வை இசக்கிசெல்விக்குத் தெரியும். ஒன்று பரிதாபம், இல்லாவிட்டால் சிரிப்பை அடக்குவது. இது இரண்டுமில்லை. வாய் திறக்க ஒருத்தி படும் பாட்டைத் தெரிந்தவள் பார்க்கிற பார்வை.

"எனக்குப் பேச்சு சரியா வராது அத்தை. உங்களுக்கும் பேச முடியலேன்னு நினைக்கேன். மெதுவா பாப்போம். தலைய மட்டும் ஆட்டுங்க."

பிறகுதான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். வலது பக்கம் கழுவித் துடைத்துப் பவுடர் பூசியிருந்தது. இடது பக்கம் பல நாள் தண்ணீர் படாமல் மங்கிக் கிடந்தது. வலது மூக்கில் மூக்குத்தி இருந்தது. இடது பக்கம் துளை மட்டும். ஃபேன் காற்று பட்டால் வருமா? தலையாட்டல். முகம் கழுவினால்? தலையாட்டல். மென்றால், பேசினால்? இரண்டுக்கும் ஆமாம். வெட்டினாற்போல் வந்து சீக்கிரமே விட்டுவிடுமா? பேராச்சியின் கண் கலங்கியது. மூக்கின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொடாமல் விரலால் காட்டப் போனாள். அப்போதே வந்துவிட்டது. கை அந்தரத்தில் நின்றது, இடது கண் இறுக மூடியது, மூச்சுகூட விடவில்லை. சில நொடிகள்தான். போனபின் உதட்டை அசைக்காமல் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கரண்டு."

அது பல் வலியே அல்ல. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பின் கோளாறு. காற்றுப் பட்டாலும் மின்சாரம் பாய்ந்த மாதிரி அடிக்கும். மனிதருக்கு வரும் வலிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று என்று புத்தகங்கள் சொல்லும். வலி பல்லில் தெரிவதால் பல்லை எடுத்துவிடுவதும் உலகம் முழுவதும் நடப்பதுதான். இசக்கிசெல்வி இதைப் படித்திருந்தாள், ஆனால் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஷ்ருதி வந்து பார்த்து அதையே உறுதி செய்தாள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பின் மேல் அழுத்திக்கொண்டு கிடப்பது தெரிந்தது. இந்த நோய்க்கென்றே உள்ள மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. அடுத்த முறை வரும்போது பேராச்சி குழைந்த சோறு சாப்பிட்டிருந்தாள், பல்லைக் கடித்த மாதிரி நாலு வார்த்தை பேசினாள். அன்றைக்கு மருமகளையும் அழைத்து வரும்படி இசக்கிசெல்வி சொல்லியிருந்தாள். பிரணாலி ஒல்லியான, விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பெண். இசக்கிசெல்வி இந்தியில், நின்று நின்று, அந்த நோயை விளக்கினாள். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, அப்படியென்றால் என் பாக்ரியை இவர்களால் மெல்ல முடியவில்லையா என்று கேட்டாள். சோள ரொட்டியை இந்த வலியோடு யாராலும் மெல்ல முடியாது என்றாள் இசக்கிசெல்வி. பிரணாலி அதற்குப் பிறகு சொன்னதுதான் எல்லோரையும் உலுக்கியது. அந்தச் சின்ன வீட்டில் புழுக்கம் தாங்காதே என்று, மாமியார் வந்து உட்கார்ந்ததும் தினமும் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைப்பாளாம். மாமியார் உடனே முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவாராம். நான் வைத்த காற்றுகூட வேண்டாம் என்று போகிறார் என நினைத்து எத்தனையோ நாள் அழுதாளாம்.

பேச்சிராஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா சொல்லல?" என்றான். சொல்ல வாய் திறந்தால்தான் கரண்டு அடிக்குமே என்பது கேட்ட பிறகுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான்.

பேராச்சி பொய் சொல்ல விரும்பவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டி, "கொஞ்சம் கோவமுந்தான் இருந்துச்சு. மொதல்ல" என்றாள். பேச்சிராஜா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பிரணாலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வலி திரும்ப ஏறியது, மாத்திரையை ஏற்றினார்கள். பேராச்சி தலை சுற்றிப் பட்டறையில் விழுந்தாள். மாத்திரையால் ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. மாத்திரையைக் குறைத்தால் கரண்டு, கூட்டினால் மயக்கம். வேறு மாத்திரைகளும் அப்படியே. மண்டையைத் திறந்து அந்த ரத்தக்குழாயை நகர்த்தி வைப்பது நீண்ட நாள் பலன் தரும் வழி. ஆனால் பேராச்சிக்கு இதய வால்வில் கோளாறு இருந்ததால் மூளை சர்ஜன் தயங்கினார். பேராச்சி தயங்கவேயில்லை, மாட்டேன் என்றுவிட்டாள்.

மிச்சமிருந்தது ஊசி வழி. கன்னத்தின் வழியே ஒரு ஊசியை, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, மண்டையோட்டின் அடியில் இருக்கும் சிறு துளைக்குள் செலுத்தி, நரம்பை, வலியைக் கடத்தாதபடி, அளவாகச் சூடாக்குவது. அதற்காகக் கொஞ்ச நேரம் தூங்க வைப்பார்கள். ஆனால் ஊசி போய்ச் சேர்ந்ததும் நோயாளியை எழுப்பியாக வேண்டும். மெல்லிய மின்சாரத்தை விட்டு, எங்கே குறுகுறுக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் காட்டும் இடம் சரியாக இருந்தால்தான் சூடு. தப்பான இடத்தைச் சூடாக்கிவிட்டால் கண்ணுக்கே ஆபத்து.

இதுவரை ஆட்களைத் தூங்க வைத்தே பழகியவளுக்கு, நடுவில் எழுப்பிப் பேச வேண்டிய வேலை. ஊசியை நான் வைக்கிறேன், பேசுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஷ்ருதியிடம் கேட்டாள். ஷ்ருதி ஒப்புக்கொள்ளவில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கிற மனுஷிக்குப் பழகின குரல்தான் கேட்கும், உங்கள் குரல்தான் அவளுக்குப் பழக்கம் என்றாள்.

அன்று காலை தியேட்டரில் எல்லாம் சரியாகவே போயிற்று. ஊசி நழுவாமல் துளைக்குள் போனது, திரையில் பார்த்து ஷ்ருதி தலையசைத்தாள். தூக்க மருந்தை நிறுத்தினார்கள். இசக்கிசெல்வி குனிந்து, "அத்தை, முழிங்க" என்றாள். அசைவில்லை. மறுபடி சொன்னாள். தாராவியில் எத்தனையோ பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடும் மனுஷி. மயக்கத்தில் அந்தச் சொல் அவளை எட்டவில்லை. பெயர் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். மாற்றிக்கொள்ள வேறு சொல் இல்லை.

'பே' என்று தொடங்கி நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் முடித்து வைக்க வாயெடுத்தாள். ஷ்ருதி அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்துத் தடுத்தாள். இசக்கிசெல்வியும் அவசரப்படவில்லை. எத்தனையோ வருடமாக இந்த இடத்தில் அவள் பயந்து வேறு பக்கம் ஓடியிருக்கிறாள். இன்று ஓட இடமில்லாததால் நின்றாள். ஊசியைப் பிடித்த கை மட்டும் அசையவே இல்லை.

"பே... பே... பேராச்சி. பேராச்சி அத்தை."

கண் திறந்தது.

மின்சாரத்தை மிக மெல்ல விட்டார்கள். எங்கே தெரிகிறது என்று கேட்டாள். தாடையில் என்றாள் பேராச்சி. அது இல்லை வேண்டிய இடம். ஊசியை மயிரிழை அளவு உள்ளே தள்ளி மறுபடி கேட்டாள். இந்த முறை பேராச்சி சரியாகச் சொன்னாள்.

"மூக்கு ஓரம்... மேலுதடு. இந்தா, அந்தக் கரண்டுப் பய உக்காந்திருக்கானே, அங்கனதான்."

ஷ்ருதி முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. பேராச்சியைத் திரும்பத் தூங்க வைத்தார்கள். சூடாக்கி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை இசக்கிசெல்வி வார்டுக்குப் போனபோது பேராச்சி கட்டிலில் இல்லை. வாஷ்பேசின் முன் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி, கொஞ்சம் தயங்கி, இடது கன்னத்தில் அடித்தாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்ப அள்ளினாள். ஜாக்கெட்டெல்லாம் நனைந்து, பிளாஸ்திரி ஊறிவிடும் என்று நர்ஸ் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினாள். கன்னம் மரத்துப் போயிருக்கிறது என்றாள், குறையாகச் சொல்லவில்லை. சூடான டீயை அந்தப் பக்கம் கவனமாகக் குடிக்க வேண்டும், சில வருடம் கழித்து வலி திரும்பவும் வரலாம், வந்தால் இதையே இன்னொரு முறை செய்யலாம் என்று இசக்கிசெல்வி ஒளிக்காமல் சொன்னாள். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் பேராச்சி.

அடுத்த செக்கப்புக்கு மாமியாரும் மருமகளும் மட்டும் வந்தார்கள். பிரணாலிக்குப் புகார் இருந்தது. இப்போது மாமியார் நிறுத்தாமல் பேசுகிறாராம். மீன் குழம்பில் புளி போதவில்லை, வீட்டைக் கூட்டிய லட்சணமா இது என்று ஒன்று விடாமல் சொல்கிறாராம். அவளும் விடாமல் மராத்தியில் பதில் சொல்கிறாளாம். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பேராச்சியோ, மூன்று வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் வரவேண்டாமா என்று கேட்டாள்.

பயிற்சி முடிந்து தேர்வு வந்தது. வாய்மொழித் தேர்வில் இசக்கிசெல்வி பல இடத்தில் திக்கினாள். சொல்லை மாற்றாமல், வர வேண்டிய சொல்லே வரும்வரை நின்றாள். தேர்வு நடத்தியவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், மற்றவர் பார்க்கவில்லை. தேர்ச்சி பெற்றாள். திக்கு இன்னும் இருக்கிறது. அது போய்விடும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. செம்பூரில் வலி சிகிச்சைக்கென்று தனியாக ஓ.பி. பார்க்கிறாள். வாரத்தில் சில நாள் தியேட்டருக்கும் போகிறாள், ஆனால் இப்போது மறுநாள் வார்டுக்குப் போய், தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

சனிக்கிழமைகளில் தாராவியில் ஒரு சங்கக் கட்டடத்தில் கீழ் அறையை ஓ.பி. பார்க்கத் தந்திருக்கிறார்கள். முதல் சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்துப் போனாள். பேராச்சி பட்டறைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் போல. வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது. முதலில் வந்தவர் பிரம்மநாயகம் என்று ஒருவர், தோள்பட்டையில் வலி. எப்போது தொடங்கியது என்று கேட்டாள். அவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தான் பம்பாய்க்கு ரயிலேறிய நாளிலிருந்து ஆரம்பித்தார். இசக்கிசெல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான் ஆயிற்று.